வலிப்பு வந்தவரைப் பார்த்ததும் ‘தண்ணி கேஸ்’ என்று முடிவு கட்டும் முன்

வலிப்பு என்றதும் எல்லோர் கண்முன்னும் வருவது ஒரே காட்சிதான்: தரையில் விழுந்து, கைகால் வெட்டி வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளிக் கிடக்கும் ஓர் ஆள். அப்படி ஒருவரைக் கண்டால் சிறு பிள்ளைகூட ‘ஃபிட்ஸ்’ என்று சொல்லிவிடும். ஆனால் ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே, சட்டை நுனியை நூல் பிரிப்பதுபோல் விரலால் பிடுங்கிக்கொண்டு, வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் எங்கோ வெறித்துக்கொண்டிருப்பவருக்கும் அந்த நொடியில் வலிப்பு நடந்துகொண்டிருக்கலாம். கண் திறந்திருக்கிறது, கால் நிற்கிறது, சில சமயம் நடக்கவும் செய்கிறது. பார்ப்பவர் வாயில் உடனே வருவது, “தண்ணியப் போட்டுட்டு வந்து நிக்கிறான் பாரு.”

அந்தச் சொல் அங்கேயே நின்றுவிடாது. கூட்டத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் 108-க்குச் சொல்கிறார். வருகிற போலீஸ்காரரிடமும் அதையே சொல்கிறார்கள். கேஷுவாலிட்டியில் சீட்டு போடும்போதும் அதுவே ஏறுகிறது. குடித்திருக்கிறார் என்று வந்தவரை ஓரமாகப் படுக்கவைத்து ‘தெளியட்டும்’ என்று விட்டுவிட்டால், அவருக்கு இரண்டாவது வலிப்பு ஓடிக்கொண்டிருந்தாலும் யார் கண்ணிலும் படாது. ஆகவே என்ன நோய் என்று பெயர் வைக்கும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். கண்ணால் பார்த்ததை, எத்தனை நிமிடம் என்ற கணக்கோடு சொல்லுங்கள். அதற்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நின்றபடி வரும் வலிப்பு

மூளையின் ஒரு பகுதியில் மட்டும், பெரும்பாலும் பொட்டுப் பகுதியை ஒட்டிய மடலில், தொடங்கும் வலிப்பு இது. ஆள் விழ வேண்டியதில்லை. 30 நொடியிலிருந்து 2 நிமிடம் வரை நினைவு மட்டும் விலகிப்போகும். மெல்லுவது, எச்சில் விழுங்குவது, கையால் எதையோ துழாவுவது, ‘சரி சரி’ என்றோ வேறேதோ ஒரு சொல்லையோ திரும்பத் திரும்பச் சொல்வது, இவையெல்லாம் அந்த நேரத்தில் தானாக நடப்பவை. சிலர் சட்டைப் பொத்தானையோ வேட்டியையோ அவிழ்க்கத் தொடங்குவார்கள். சிலர் கையில் இருந்த கடைச் சாமானோடு பணம் கொடுக்காமல் வெளியே நடந்துவிடுவார்கள். முதலாமவர் மேல் ‘அசிங்கம் பண்றான்’ என்ற பழி விழும், இரண்டாமவர் மேல் திருட்டுப் பழி. நடந்தது எதுவும் அவர்களுக்கு நினைவிருக்காது. “ஏன் செஞ்ச?” என்று அடித்துக் கேட்டாலும் பதில் வராது, ஏனென்றால் அவர்களிடம் பதிலே இல்லை.

இதைப் போதையிலிருந்து பிரித்தறிய நேரத்தைக் கவனியுங்கள். போதை மெல்ல ஏறும், மெல்லத்தான் இறங்கும். வலிப்பு பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று தொடங்கும், ஓரிரு நிமிடத்தில் அடங்கும், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுப் பார்த்தால் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வருவது தெரியும். முதலில் பேர் சொல்வார், பிறகு ஊர், பிறகு கிழமை. முழுத் தெளிவு வரச் சிலருக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு கை துழாவிக்கொண்டிருக்கும்போதே மறு கை முறுக்கி விறைத்து அசையாமல் நிற்கிறதா? போதையில் அப்படி நடக்காது. வலிப்பு முடிந்த கையோடு பலர் ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொள்வதும் உண்டு. எந்தக் கை என்று சொன்னால் நரம்பியல் மருத்துவர் மூளையின் எந்தப் பக்கம் என்று ஊகிக்க அதுவும் உதவும்.

வாயில் சாராய வாடை வந்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வலிப்பு நோய் உள்ளவரும் குடித்திருக்கலாம். தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தும் வரலாம். வாடை ஒரு தகவல்தான், அதையும் சொல்லுங்கள்.

மருந்தே ஆளைத் தள்ளாட வைக்கும் நிலைமையும் உண்டு, அது வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. எப்டாயின் என்ற பெயரில் பல வீடுகளில் இருக்கும் ஃபெனிடாயின் மாத்திரைக்கு ரத்தத்தில் வழக்கமான அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம். 20-ஐத் தாண்டினால் கண்மணி பக்கவாட்டில் துடிக்கும், 30-ஐத் தாண்டினால் நடை தள்ளாடும், அதற்கும் மேலே போனால் பேச்சு குழறி ஆள் குழம்பிப்போவார். சோதனைக்கு நிறுத்திய காவலருக்கு இது அச்சு அசலாகக் குடிபோதைதான். இந்த மருந்தை ஈரல் ஓரளவுக்கு மேல் உடைத்து வெளியேற்ற முடியாது. அதனால் 300 மி.கி. எடுத்தவருக்கு 400 மி.கி. ஆக்கினால், மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடும்போது ரத்தத்தில் அளவு இரண்டு மடங்காகவும் ஏறிவிடலாம். காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃபுளுகோனசோல் ஆகியவையும் இந்த அளவை உயர்த்தும். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர் புது மருந்து தொடங்கிய சில நாளில் தள்ளாடினால், ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பிடித்தால் உதறுவார்

வலிப்பு அடங்கிய பின் வரும் அந்தக் குழப்ப நேரம்தான் ஆபத்தானது. வெட்டி இழுத்தது நின்றுவிட்டது, ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார், சரியாகிவிட்டார் என்று சுற்றியிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அவர் எழுந்து எங்கோ நடக்கப் பார்க்கிறார். இரண்டு பேர் தோளைப் பிடித்து அழுத்துகிறார்கள். யார், எதற்குப் பிடிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளும் நிலையில் மூளை இல்லை. பிடி விழுந்தால் உடம்பு தானாக உதறும், தள்ளும், சில நேரம் அடிக்கும். “அடிக்க வர்றான், கட்டுங்கடா” என்று குரல் எழும். இங்கிருந்து கயிறு, சேலை, லத்தி, விலங்கு எதுவும் வரலாம்.

இந்த அடியில் குறி இருப்பதில்லை. யாரையும் தேடிப் போய் அடிக்க மாட்டார். பிடித்தவரைத்தான் தள்ளுவார், விட்டால் நின்றுவிடும். ஆகவே பிடியை விடுங்கள், கூட்டத்தை ஏழெட்டு அடி பின்னால் தள்ளுங்கள். ஒருவர் மட்டும், எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, தாழ்ந்த குரலில் பேசுங்கள். “உக்காருங்க. ஒண்ணுமில்ல. நான் இருக்கேன்.” சின்னச் சின்ன வாக்கியம் போதும். கேள்வி மேல் கேள்வி கேட்டால் குழப்பம் கூடும். சாலை, தண்டவாளம், கிணறு, அடுப்பு இருக்கும் திசையில் நடந்தால், முழங்கைக்குப் பின்னால் விரித்த உள்ளங்கையை வைத்து மெதுவாகத் திசை திருப்புங்கள். கையைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். வண்டி வரும் சாலையில் கால் வைத்துவிட்டார் என்றால் மட்டும் பின்னாலிருந்து இழுத்து, ஓரம் வந்ததும் விட்டுவிடுங்கள்.

காவலர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய வலிப்பில் தசைகள் ஓயாமல் இழுத்ததால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும். அதை வெளியேற்ற உடம்பு வேகமாக மூச்சு வாங்கியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் ஆளைக் குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை வைத்தால் உயிரே போகலாம். ஆள் திமிறுவதை நிறுத்திவிட்டார் என்றால் அடங்கிவிட்டார் என்று எண்ணாமல் உடனே மூச்சைப் பாருங்கள். ‘ஆவேசமாக இருக்கிறார்’ என்று ஆவேசத்தை அடக்கும் ஹாலோபெரிடால் ஊசி போடுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது, அந்த வகை மருந்துகள் வலிப்பைத் தூண்டக்கூடியவை.

அடுத்தடுத்துப் பல வலிப்புகள் வந்து அடங்கி, ஓரிரு நாள் தெளிவாக இருந்துவிட்டு, அதன் பிறகு யாரோ பேசுவது கேட்கிறது, தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று சொல்லத் தொடங்குபவர்களும் உண்டு. வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்பார்கள். இது வலிப்பின் தொடர்ச்சியாக வருவது, சிகிச்சையில் சரியாகக்கூடியது. தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

விழுந்து இழுப்பவர்

பெரிய வலிப்பைத் தெரிந்துகொள்வது எளிது, ஆனால் அதிலும் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. முதல் 10, 20 நொடி உடம்பு முழுக்க விறைக்கும். நெஞ்சுத் தசை இறுகுவதால் உள்ளிருந்த காற்று தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஓர் அலறலாக வரும். பல் கிட்டிக்கொள்ளும், கண் சொருகும், உதடு நீலம் பாயும். பார்ப்பவர் மூச்சே நின்றுவிட்டது என்று பதறி நெஞ்சை அமுக்குவார், அல்லது வாயைத் திறக்க ஸ்பூனை நுழைப்பார். இரண்டும் வேண்டாம். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. ஸ்பூனால் உடையும் பல்தான் மூச்சுக்குழாயில் போய் விழும்.

இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது நம்மூரில் இன்றும் நடக்கிறது. அது ‘வேலை செய்வதாக’ தோன்றக் காரணம், பெரும்பாலான வலிப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடுகிறது. சாவி தேடி எடுத்து வரவும் அதே நேரம்தான் ஆகிறது. சாவி கிடைக்காமல் போயிருந்தாலும் நின்றிருக்கும். அந்த நேரத்தில் மணியைப் பார்த்திருந்தால் மருத்துவருக்குப் பயன்பட்டிருக்கும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மணி பாருங்கள். தலைக்கு அடியில் துண்டோ பையோ வையுங்கள். கண்ணாடியைக் கழற்றுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், கல்லையும் கம்பியையும் அப்புறப்படுத்துங்கள். இழுக்கும் கைகாலைப் பிடித்து நிறுத்தப் பார்த்தால் எலும்பு முறியும், மூட்டு விலகும். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய் தரையைப் பார்க்கும்படி தலையைச் சாயுங்கள். எச்சிலும் நுரையும் தானாக வழியட்டும். முழுசாகத் தெளியும்வரை தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் வாய்வழி வேண்டாம்.

இப்போது அடுத்த தவறு, உயிரைக் குடிப்பது. இதயம் திடீரென்று நின்றுபோகும்போதும் மூளைக்கு ரத்தம் கிடைக்காமல் சில நொடி கைகால் வெட்டும். அதை ஃபிட்ஸ் என்று நினைத்து ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காத்திருந்தால் ஆள் பிழைக்க மாட்டார். வலிப்பு முடிந்தவர் குறட்டைபோல் ஆழமாக, சத்தமாக மூச்சு வாங்குவார், நெஞ்சு ஏறி இறங்குவது நன்றாகத் தெரியும். இதயம் நின்றவரிடம் அது இருக்காது. மீனுக்கு வருவதுபோல் எப்போதாவது ஒரு வாய்த் திறப்பு மட்டும் இருக்கும். ஆகவே வெட்டு நின்றதும் 10 நொடி நெஞ்சையே பாருங்கள். சீரான மூச்சு இல்லை, தட்டினாலும் அசைவில்லை என்றால், உடனே மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அமுக்கத் தொடங்குங்கள். மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்த இளைஞர் என்றால் முதலில் இதயத்தையே சந்தேகியுங்கள்.

முதல்முறை வலிப்பு வந்த எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுப்பதற்கும் இதுதான் காரணம். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் பிறவிக் கோளாறு உள்ள சிலர் வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டு வருகிறார்கள். ஓடும்போது, நீந்தும்போது, அலாரம் அலறி எழும்போது மட்டும் வருகிறது, குடும்பத்தில் சிறு வயதில் திடீர் மரணம் நடந்திருக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வெயிலில் வரிசையில் நின்றோ ஊசி போடும்போதோ வெளிறி, வியர்த்து, கண் இருட்டி விழுபவருக்கும் சில நொடி கைகால் வெட்டலாம். அது மயக்கம். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் பேசிவிடுவார். தூக்கி நிறுத்தாதீர்கள், நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள், படுத்தபடியே விட்டுக் காலை உயர்த்துங்கள்.

‘நடிக்கிறாள்’

நெற்றிப் பக்க மடலில் தொடங்கும் சில வலிப்புகள் பார்க்கவே விசித்திரமாக இருக்கும். தூக்கத்தில் திடீரென்று கத்தி, சைக்கிள் மிதிப்பதுபோல் காலை உதைத்து, ஒரு நிமிடத்துக்குள் சட்டென்று நின்று, உடனே பேசவும் செய்வார்கள். இரவில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் நாடகம் என்று ஒதுக்காதீர்கள். ஒரே மாதிரி வருவதுதான் அதன் அடையாளம்.

மூளையின் மின்னோட்டத்தில் மாற்றம் இல்லாமலே, மன அழுத்தம் சார்ந்து வரும் வலிப்பும் உண்டு. கண்ணை இறுக மூடியிருப்பது, தலை பக்கவாட்டில் ஆடுவது, ஏறி இறங்கி நெடுநேரம் நீடிப்பது அதில் அதிகம் காணப்படும். எந்த ஒற்றை அறிகுறியும் முடிவானதல்ல. வீடியோவோடு சேர்ந்த ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை) பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவும் அவர் வேண்டுமென்று செய்வதல்ல. கிள்ளிப் பார்ப்பது, மூக்கில் அமோனியா காட்டுவது, கையைத் தூக்கி முகத்தின் மேல் விடுவது, இவை சோதனை என்ற பெயரில் செய்யும் வதை. ஆம்புலன்ஸிலோ அவசரப் பிரிவிலோ இதைச் செய்பவர்களை வீட்டார் தடுக்கலாம்.

பள்ளியில் கவனிக்காமல் ‘கனவு காண்கிறான்’ என்று திட்டு வாங்கும் பிள்ளையும் இந்தக் கணக்கில் வருவான். 5 முதல் 10 நொடி, வாக்கியத்தின் நடுவில் நின்று, வெறித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வது ஒருவகை வலிப்பு. ஒரு நாளைக்குப் பலமுறை வரும். தோளைத் தொட்டுக் கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

ஆம்புலன்ஸ் வந்த பின்

இழுப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், வாழ்வில் முதல்முறை என்றால், தண்ணீரில் விழுந்திருந்தால், அடிபட்டிருந்தால், கர்ப்பிணி அல்லது சர்க்கரை நோயாளி என்றால் 108-ஐ அழைக்க யோசிக்க வேண்டாம். “ஒருத்தர் மயங்கிக் கிடக்கார்” என்று சொல்லாதீர்கள். “கைகால் இழுக்குது, 6 நிமிஷமா நிக்கல, உதடு நீலமா இருக்கு” என்று சொல்லுங்கள்.

வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மூச்சும் சர்க்கரையும். சர்க்கரை இறங்கினாலும் குழப்பம், வியர்வை, ஆவேசம், வலிப்பு எல்லாம் வரும். 20 வாரம் தாண்டிய கர்ப்பிணிக்கும் பிரசவமாகி 6 வாரத்துக்குள் இருக்கும் தாய்க்கும் ரத்த அழுத்தம் பார்க்காமல் ‘வலிப்பு நோய்’ என்று எழுதக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறி வந்த வலிப்பு என்றால், அங்கே தேவைப்படும் மருந்து மெக்னீசியம் சல்பேட்.

வலிப்புக்குப் பின் ஒரு பக்கக் கைகால் செயலிழந்து கிடப்பதும் உண்டு. பார்ப்பதற்குப் பக்கவாதமேதான். பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் சரியாகிவிடும். ஆனால் உண்மையான பக்கவாதமும் வலிப்போடு தொடங்கலாம். எனவே கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது, கை விழுந்தது இழுப்புக்கு முன்னா பின்னா என்ற இரண்டையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நிற்காத வலிப்பை நிறுத்தும் மிடசோலாம் மருந்தைக் கொடுக்கும்போது பயந்து குறைத்துக் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தசையில் போடும் ஊசி என்றால் 40 கிலோவுக்கு மேல் 10 மி.கி., 13 முதல் 40 கிலோ வரை 5 மி.கி. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே என்றால் கிலோவுக்கு 0.2 மி.கி. சந்தையில் ஒரு அழுத்தத்துக்கு 0.5 மி.கி. வருவதும் 1.25 மி.கி. வருவதும் இருக்கின்றன. 20 கிலோ குழந்தைக்கு 4 மி.கி. என்றால் முதலாவதில் 8 முறை அடிக்க வேண்டும். இரண்டாவதில் ஏறக்குறைய 3 முறைதான். பாட்டிலை மாற்றி வாங்கி எண்ணிக்கையை மாற்றாமல் விட்டால் மருந்து குறையும் அல்லது கூடிவிடும். எத்தனை முறை, எந்த மூக்கில் எத்தனை என்று மருத்துவரிடமே எழுதி வாங்கி பாட்டிலில் ஒட்டிவையுங்கள்.

செல்போனில் வீடியோ எடுப்பது வேடிக்கை பார்ப்பதற்கல்ல, சரியாக எடுத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. அருகில் ஒருவர் கவனித்துக்கொள்ள, இன்னொருவர் எடுக்கட்டும். முகமும் இரு கைகளும் ஒரே சட்டத்தில் வர வேண்டும். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா தெரிய வேண்டும். எடுத்துக்கொண்டே பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், “கையத் தூக்குங்க” என்று சொல்லுங்கள், “மாம்பழம், ஞாபகம் வெச்சுக்குங்க” என்று ஒரு சொல்லைச் சொல்லுங்கள். தெளிந்த பின் அந்தச் சொல்லைக் கேளுங்கள். சொல்ல முடிகிறதா இல்லையா என்பதில் நினைவு எந்த அளவு விலகியிருந்தது என்று தெரிந்துவிடும். இழுப்பு நின்றதும் அணைத்துவிடாமல், தெளியும் இரண்டு நிமிடத்தையும் சேர்த்து எடுங்கள். வீடியோ வீட்டாருக்கும் மருத்துவருக்கும் மட்டும் போக வேண்டும், வாட்ஸப் குழுவில் போடுவது பெரும் பாவம்.

அவர் எழுந்த பின், சிறுநீர் போய் ஈரமான துணியை மறைக்க ஒரு துண்டு கொடுங்கள். தோளை வெளிப்பக்கமாகத் திருப்ப முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் மூட்டு பின்பக்கமாக விலகியிருக்கலாம். நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் அது பலமுறை தப்பிவிடும், பக்கவாட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள்.

வலிப்பு உள்ளவர்கள் சட்டைப் பையில் ஒரு சிறு அட்டை வைத்திருந்தால் இத்தனை குழப்பத்தில் பாதி குறையும். கல்யாணம் தடைப்படும் என்று பயந்து வீடுகளில் இதை மறைக்கிறார்கள், அந்தப் பயம் புரிகிறது. ஆனால் இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பு 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. அட்டையில் தமிழில், பெரிய எழுத்தில் இப்படி எழுதுங்கள்: “எனக்கு வலிப்பு நோய் உண்டு. நான் குடிக்கவில்லை. என்னைப் பிடிக்காதீர்கள், கட்டாதீர்கள். பக்கத்தில் இருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனால் 108.” கீழே வீட்டு எண், மாத்திரையின் பெயர், அளவு, ஒவ்வாத மருந்து. இதையே போனின் பூட்டுத் திரையில் வரும் அவசரத் தகவலிலும் போட்டுவையுங்கள். மருந்தோ அளவோ மாறும் அன்றே இரண்டிலும் மாற்றிவிடுங்கள்.